மாநகரச் சாலைகளில் வாகன நெரிசல்

பள்ளி மணி அடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் வாயிலை நோக்கி ஓடினால் எவரும் விரைந்து வெளியேற இயலாது. வரிசையாகச் சென்றால் அதே வாயில் போதுமானதாகிவிடும். மாநகரச் சாலைகளின் நிலையும் இத்தகையதே.

சிங்கப்பூர் ஒரு சிறிய தீவு. வாகனங்கள் பெருகப் பெருகச் சாலைகளை அகலப்படுத்த இங்கு நிலமில்லை. ஆதலால் 1975ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அரசாங்கம் ஒரு புதிய திட்டத்தைத் தொடங்கியது. காலை நெரிசல் நேரத்தில் நகரின் மையப் பகுதிக்குள் நுழையும் கார்கள் நாளொன்றுக்கு 3 வெள்ளி செலுத்தி அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியிருந்தது. நால்வர் சேர்ந்து வந்தால் கட்டணம் இல்லை. 1998ஆம் ஆண்டில் மின்னியல் கருவிகள் கட்டணம் பெறும் பணியை ஏற்றன. அதன்பின் இடத்திற்கும் நேரத்திற்கும் ஏற்பக் கட்டணம் மாறுபட்டது. விரைவுச்சாலையில் வாகன வேகம் மணிக்கு 45 கிலோமீட்டருக்குக் குறைந்தால் கட்டணத்தை உயர்த்துவதும், 65க்கு மேற்பட்டால் குறைப்பதும் இம்முறையின் அடிப்படையாகும்.

நெரிசலை முன்கூட்டியே அறிவது எங்ஙனம்? சாலைச் சந்திப்புகளில் தரைக்கடியில் பதிக்கப்பட்ட கம்பிச்சுருள்கள் வாகனங்களை உணர்கின்றன. அதைக்கொண்டு பச்சை விளக்கு எரியும் நேரத்தைக் கணினி கூட்டுகிறது, குறைக்கிறது. நாள்தோறும் திரளும் இத்தகைய கணக்குகளை ஒப்பிட்டு, மழையையும் விடுமுறையையும் கருத்திற்கொண்டால், எந்தச் சாலை எப்போது அடைபடும் என ஓரளவு கணிக்கலாம். ஆயினும், திடீரென நேரும் விபத்தை எந்தக் கணினியாலும் முன்னறிந்து கூற இயலாது.

நெரிசலில் சிக்கும் மருத்துவ வண்டியில் ஓர் உயிர் ஊசலாடிக் கொண்டிருக்கலாம். எனவே, பேருந்திலும் பெருவிரைவு ரயிலிலும் பயணம் செய்வோர் தம்மை அறியாமலே பிறர்க்கு வழிவிடுகின்றனர். நாமும் அவ்வாறே வழிவிடுவோமாக!