நுனியும் முனையும்

கூரிய பொருள்களைச் சுட்டும் ஆங்கிலச் சொற்கள் பல. அவற்றுள் 'டிப்', 'பொயிண்ட்' என்னும் இரண்டும் நம் மாணாக்கரைப் பெரிதும் அலைக்கழிப்பன. அகராதியைப் புரட்டினால் முன்னதற்கு 'நுனி' என்றும், பின்னதற்கு 'முனை' என்றும் பொருள் காணலாம். இதனை மனனஞ் செய்த மாணவன், சாரதிக்கு ஒருவர் 'டிப்' கொடுத்தார் என்பதைச் 'சாரதிக்கு நுனியைக் கொடுத்தார்' என்று பெயர்த்து வைக்கிறான். கேட்போர் நகைக்கலாம். ஆனால், வீட்டில் ஆங்கிலம் அறிந்தார் எவருமின்றி, அகராதி ஒன்றையே துணையாகக் கொண்டு படிக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு அது நகைப்புக்குரிய செய்தியன்று. பரீட்சையில் இழந்த புள்ளி. ஆதலின் இவ்விரு சொற்களின் குலமுறையைச் சற்றே ஆராய்வோம்.

'பொயிண்ட்' என்பது, குத்துதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. குத்தும் கருவிக்குக் கூரிய முனை உண்டு. குத்துண்ட இடத்தில் ஒரு சிறு புள்ளி தோன்றும். இச்சொல்லின் பொருள்களெல்லாம் இவ்விரண்டிலிருந்தே கிளைத்தன என்று கொண்டால் மயக்கம் தீரும்.

முனை என்னும் கிளையை முதலிற் பார்ப்போம். கடலினுள் நீண்டு செல்லும் நிலமுனை 'பொயிண்ட்' எனப்படும். பருத்தித்துறையை ஆங்கிலேயர் 'பொயிண்ட் பீட்றோ' என்றனர். 'கற்களின் முனை' என்று பொருள்படப் போர்த்துக்கேயர் இட்ட பெயரின் திரிபே அது. பீட்றோ என்னும் மனிதர் எவரும் அப்பெயரில் இல்லை. நானுஓயா நிலையத்தில் புகைவண்டியை ஒரு பாதையிலிருந்து மற்றொரு பாதைக்குத் திருப்பும் அமைப்புக்கும் 'பொயிண்ட்ஸ்' என்றே பெயர். அங்கே அசையும் தண்டவாளம் முனையிற் கூராகச் சீவப்பட்டிருப்பதைக் காணலாம்.

மற்றைக் கிளை புள்ளி. முற்றுப்புள்ளியும், தசமப் புள்ளியும், விளையாட்டில் ஈட்டும் புள்ளியும், வாதத்தின் மையக் கருத்தும் இதன்பாற்படும். அளவுகோலிற் குறித்த நிலையும் அவ்வாறே. கடல் மட்டத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் நீர், ஏறக்குறைய 6,100 அடி உயரத்திலுள்ள நுவரெலியாவில் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். இந்தக் கொதிநிலையை ஆங்கிலத்தில் 'பொயிண்ட்' என்பர். லொறிச் சக்கரத்துக்கு நேரும் 'பங்சர்' கூட இதே இலத்தீன் வேரிற் பிறந்த உறவினர்தான்.

'டிப்' என்பதன் கதை வேறு. அது ஒரு செடியின் பல கிளையன்று. ஒரே பெயரில் அருகருகே வளர்ந்து நிற்கும் வெவ்வேறு செடிகள். நுனியைக் குறிப்பது ஜெர்மானிய மொழிக் குடும்பத்துக்குரிய பழஞ்சொல். சாய்த்தலைக் குறிப்பது மற்றொன்று. மண்ணைச் சாய்த்துக் கொட்டும் 'டிப்பர்' லொறி அதன் வழியே பெயர் பெற்றது. இனாமைக் குறிப்பது, 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கள்வரும் போக்கிரிகளும் 'கொடு' என்னும் பொருளில் வழங்கிய குழூஉக்குறியிலிருந்து வந்தது. விரைவான சேவையை உறுதிசெய்தல் என்பதற்குரிய மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே 'டிப்' ஆயின என்று சிலர் கூறுவது பின்னாளிற் புனைந்த கதை. ஆகவே இனாமிலே நுனியைத் தேடுவது வீண் வேலையாகும்.

நுனி என்னும் பொருளில் வரும்போதும் 'டிப்' கூராக இருக்கவேண்டும் என்னும் நியதியில்லை. விரல் நுனியும் மூக்கு நுனியும் மழுங்கியவைதாமே! ஒரு பொருளின் கடைசிப் பகுதி என்பதே அதன் கருத்து. 'பொயிண்ட்' என்பதோ குத்தும் முனை; அன்றேல் அகல நீளமற்ற ஓர் இடம். 2,524 மீற்றர் உயர்ந்த பீதுருதாலகால மலையின் உச்சியை இலங்கையின் மிக உயர்ந்த 'பொயிண்ட்' என்பார்களேயன்றி 'டிப்' என்னார். தெற்கேயுள்ள தெய்வேந்திரமுனையை இரண்டாலும் சொல்லலாம். தீவின் கடைக்கோடியாகக் கருதினால் 'டிப்'; வரைபடத்தில் ஓர் இடமாகக் குறித்தால் 'பொயிண்ட்'.

இவ்வேறுபாட்டை அறிய நம் பிள்ளைகள் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. இரண்டிலையும் ஒரு மொட்டும் கிள்ளும் தாயின் விரல்களே அதனை உணர்த்தும். விரியாத அம்மொட்டைத் தேயிலை வணிகர் 'டிப்' என்பர். அதன்மேல் வெள்ளிய நுண்மயிர் படர்ந்திருக்கும். மொட்டை மட்டும் பறித்து உலர்த்தினால் வெள்ளி நிறத் தேயிலை கிடைக்கும். இலைகளோடு சேர்த்து உருட்டும்போது இலைச்சாறு பட்டு அது பொன்னிறம் பெறும். 'பெக்கோ' என்னும் தேயிலைப் பெயரும் 'வெண்மயிர்' எனப் பொருள்படும் சீனச் சொல்லிலிருந்து வந்ததே.

அந்தக் கொழுந்து நிறுவைக்கு வரும்போது 'பொயிண்ட்' தன் வேலையைத் தொடங்குகிறது. 18.5 கிலோ என்பதிற் புள்ளியையும் அதற்குப் பின்னுள்ள எண்ணையும் விட்டு 18 என்று எழுதினால், நூற்றுக்கணக்கான கொழுந்துகளைக் கிள்ளிய உழைப்பு ஏட்டிலிருந்து மறைந்துவிடும். அப்புள்ளியைப் படித்து, 'ஐந்து எங்கே?' என்று கேட்கத் தெரிந்த மகனோ மகளோ வீட்டிலிருப்பது சிறிய காரியமன்று.

ஆகவே பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளுக்கு ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று புகட்டுவதோடு நின்றுவிடலாகாது. அச்சொல் எங்கே பிறந்தது, எவ்வாறு கிளைத்தது என்று வினவப் பழக்க வேண்டும். நுனிப்புல் மேய்தல் கல்விக்கு இழுக்கென்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். நுனியைக் கிள்ளுவது தேயிலைக்கு நன்று. சொல்லைக் கற்பவர் வேர்வரை செல்லவேண்டும்.