உங்களுக்குத் தெரியுமா? ரத்தம் உறைய ஒரு மரபணு

திருவண்ணாமலைக்கு வடக்கே ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில் உள்ளது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. ஹீமோபீலியா ஆய்வில் உலகம் அறிந்த அலோக் ஸ்ரீவஸ்தவா, இங்கு ரத்தவியல் பேராசிரியராகப் பணியாற்றியவர்.

ஹீமோபீலியா ஏ பிறவிக் கோளாறு; பெரும்பாலும் ஆண்களையே தாக்குவது. ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணி என்ற புரதம் குறைவதால், மூட்டுகளுக்குள் ரத்தம் கசிந்து நாளடைவில் அவை முடங்கும். காரணி மருந்தின் விலையோ மிக அதிகம். அதனால், குறைந்த அளவு மருந்தைக் கொண்டே அறுவை சிகிச்சைக்குப் பின் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தலாம் என்று வேலூர்க் குழு 1998-இல் வெளியிட்ட கட்டுரை, ஏழை நாடுகளுக்குப் பெரிதும் பொருந்தியது.

உலக ஹீமோபீலியா கூட்டமைப்பின் சிகிச்சை வழிகாட்டி நெறிகளின் 2013, 2020 பதிப்புகள் இரண்டுக்கும் முதன்மை ஆசிரியர் ஸ்ரீவஸ்தவாவே. இத்துறையில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் ஆவணங்களுள் இவை அடங்கும். ஓர் ஆய்வாளரின் பெயருக்கு இத்தகைய மேற்கோள்கள் சேர்வதைவிட, அந்த நெறிகளைப் பார்த்து மருத்துவர்கள் மருந்தின் அளவை முடிவு செய்வதே பெரிய தாக்கம்.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து வேலூரில் நடந்த மரபணுச் சிகிச்சை ஆய்வு, 2024 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்தது. நோயாளிகளின் சொந்த ரத்தக் குருத்தணுக்களை எடுத்து, தீங்கு நீக்கிய வைரஸ் வழியாக எட்டாம் காரணிக்கான மரபணுவைச் சேர்த்து, மீண்டும் அவர்கள் உடலிலேயே செலுத்தினர். சிகிச்சை பெற்ற 5 பேருக்கும், கண்காணித்த காலத்தில் ஆண்டு ரத்தக்கசிவு விகிதம் பூஜ்யமாக இருந்தது.