பச்சைக் குழந்தையின் நெஞ்சு படபடத்தால்...

பிறந்து மூன்று கிழமையான பிள்ளை. நேற்றுவரை நன்றாகப் பால் குடித்தது. இன்று இரண்டு தரம் உறிஞ்சிவிட்டு விட்டுவிடுகிறது. நெற்றி வியர்க்கிறது, முகம் வெளிறிக் கிடக்கிறது. "செமியாக்குணம், ஓமத்தண்ணீர் கொடு" என்கிறார் அம்மம்மா. "கண்ணூறு" என்கிறார் அயல்வீட்டு அக்கா. நெஞ்சில் கை வைத்துப் பார்த்த தாய் திடுக்கிடுகிறாள். எண்ணவே முடியாத வேகத்தில் இதயம் துடிக்கிறது.

தாய்மாரே, பிறந்த குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 முதல் 160 தடவை துடிக்கும். அழும்போதும் காய்ச்சலின்போதும் இது கூடும். அழுகை ஓய, காய்ச்சல் இறங்க, துடிப்பும் குறையும். ஆனால் பிள்ளை அமைதியாக இருக்கும்போதும் 220க்கு மேல், ஏறாமல் இறங்காமல் ஒரே சீராகத் துடித்தால் அது வேறு. இதயத்தை இயக்கும் மின்தூண்டல் குறுக்குவழி ஒன்றில் சுற்றிச் சுற்றி ஓடுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். 15 செக்கன் எண்ணி நான்கால் பெருக்குங்கள். 55 என்றால் 220.

எண்ணத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பால் குடிக்க மறுத்தல், வியர்வை, வெளிறல், வேகமான மூச்சு, ஓயாத சிணுங்கல், சோர்வு ஆகியவற்றைக் கண்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். ஓரிரு நாள் இப்படியே நீடித்தால் இதயம் களைத்துப்போகும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். எப்போது தொடங்கியது என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வைத்தியசாலையில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பார்கள். கிருமித்தொற்று, நீரிழப்பு, இரத்தச்சோகை உண்டா என்றும் ஆராய்வார்கள். குறுக்குவழித் துடிப்பு என்றால் முகத்தில் சில செக்கன்கள் பனிக்கட்டிப் பை வைப்பார்கள். அல்லது அடினோசின் என்ற மருந்தை நாளத்தில் ஏற்றுவார்கள். நிலைமை மோசமென்றால் சிறிய மின் அதிர்ச்சி கொடுப்பதும் உண்டு. இவற்றை வீட்டில் செய்து பார்க்கவே கூடாது. கண்களை அழுத்துவதும் ஆபத்து.

வீடு திரும்பியபின் சில மாதங்களுக்கு மருந்து தொடரக்கூடும். சொன்ன அளவை, சொன்ன நேரத்தில் கொடுங்கள். பிள்ளை தேறிவிட்டதென்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்தை வாந்தியெடுத்தால் வைத்தியரைக் கேட்காமல் மீண்டும் கொடுக்காதீர்கள். பால் குடிக்காத நாளிலும் கேட்டே கொடுங்கள். பல பிள்ளைகளுக்கு ஒரு வயதாகும்போது இந்தத் தொல்லை விலகிவிடுகிறது.

இன்னொன்று. "வயிற்றில் இருந்தபோது நான் பட்ட பயமும் அழுகையும்தான் பிள்ளையின் நெஞ்சில் ஏறிவிட்டது" என்று நம்மில் பலர் மனம் நோகிறோம். அப்படி அல்ல. இந்தக் குறுக்குவழி கருவில் இதயம் உருவாகும்போதே அமைந்துவிடுவது. உங்கள் கண்ணீர் அதை உண்டாக்கவில்லை. ஆனால் நேரத்தோடு நெஞ்சில் வைத்த உங்கள் கை, அந்த உயிரைக் காப்பாற்றும்.