பச்சைமலை: மண் நின்றால்தான் தண்ணீர் நிற்கும்

திருச்சிக்கு வடக்கே, துறையூரைத் தாண்டியதும் எழுகிறது பச்சைமலை. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இம்மலை திருச்சி, பெரம்பலூர், சேலம் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. மேற்கே கொல்லிமலை, வடக்கே ஆத்தூர்ப் பள்ளத்தாக்குக்கு அப்பால் கல்வராயன். உயரம் பெரும்பாலும் 500 முதல் 1,000 மீட்டர் வரை.

சோபனபுரத்திலிருந்து வளைந்து ஏறும் சாலை டாப் செங்காட்டுப்பட்டியை எட்டும்போது கூர்ந்த சிகரம் எதுவும் கண்ணில் படாது. மலையின் தலை அலையலையான மேட்டுநிலம். ஊரும் காடும் வயலும் அதன்மேலேயே. வண்ணாடு, தென்பரநாடு, கோம்பை நாடு என்று பழைய நாட்டுப் பிரிவுகள் இன்றும் வழக்கில் உள்ளன. இங்கு வாழும் மலையாளி பழங்குடியினர், தங்கள் முன்னோர் காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்ததாகத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். சாமையும் தினையும் அவர்களின் பழைய பயிர்கள். பலாவும் முந்திரியும் உண்டு.

சமவெளிக்கு இம்மலை தருவது தண்ணீர். காட்டுமண் மழையை உறிஞ்சி, மெல்ல மெல்ல ஓடைகளுக்கு விடுகிறது. மங்களம் அருவி, கோரையாறு அருவி, மயிலூற்று எல்லாம் அந்த நீரின் வெளிமுகங்களே. மேற்குச் சரிவின் நீர், கொல்லிமலையில் பிறந்துவரும் சுவேதா நதியில் சேர்ந்து வெள்ளாற்றுக்குப் போய்ப் பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. கிழக்கிலும் தெற்கிலும் இறங்கும் நீரை அடிவார ஏரிகளும் கிணறுகளும் எதிர்பார்த்திருக்கின்றன. காவிரிப் பாசனம் எட்டாத மேட்டுக்காடுகளுக்கு வேறு கதி இல்லை.

கவலை தருவது சரிவுகளில் பரவிவிட்ட மரவள்ளி. ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்குவதால் கையில் காசு வருகிறது. சாமைக்கு அந்த விலை கிடைப்பதில்லை என்று விவசாயிகள் சொல்வது நியாயமே. ஆனால் மரவள்ளி நட்ட முதல் சில மாதங்கள் இலை விரிந்து நிலத்தை மூடுவதில்லை. அறுவடையிலோ வேரோடு பிடுங்குவதால் சரிவு முழுவதும் கிளறப்படுகிறது. அடுத்து வரும் கனமழை மேல்மண்ணை அள்ளிக்கொண்டு இறங்குகிறது. மண் போனால் நீரை உறிஞ்சிவைக்க எதுவும் மிஞ்சாது: மழைநாளில் ஓடை கரைபுரளும், கோடையில் வறண்டு கிடக்கும். அடித்துவரும் வண்டல் ஏரியையும் மேடாக்கும்.

பயிரை ஒரேயடியாக நிறுத்தச் சொல்வது பிழைப்பைப் பறிப்பதாகும். சரிவுக்குக் குறுக்கே கல்வரப்பு போடலாம், வரப்போரம் பலா நடலாம், செங்குத்தான நிலத்தையாவது முந்திரிக்கு விடலாம். இதற்கான செலவில், தண்ணீரை அனுபவிக்கும் அடிவாரத்துக்கும் பங்கு இருக்க வேண்டும்.