வெளிச்சம் காட்டினால் நகரும் செல்

சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ ஓட்ஸ் கஞ்சி குடித்துக்கொண்டே எங்களைக் கேட்கிறீர்களா, நேயர்களே? அந்த ஓட்ஸ் செடியின் புரதம், எலியின் செல்லை நகர வைத்த கதை தெரியுமா?

சன்னலோரச் செடி வெளிச்சத்தைப் பார்த்து வளையும். நம் தோட்டத்துப் பால்மரக் கன்றும் அப்படித்தான். நீல ஒளியை உணரும் ஒரு புரதம் செய்கிற வேலை அது. ஓட்ஸ் செடியிலுள்ள அந்தப் புரதத்திலிருந்து ஒரு சிறு துண்டை, அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்தார்கள். செல்லை நகரச் சொல்லும் 'ராக்' என்ற இன்னொரு புரதத்தோடு இணைத்து, எலியின் செல்லுக்குள் வைத்தார்கள். இது 2009-இல் வெளியான ஆய்வு.

இருட்டில் அந்தத் துண்டு, பானைக்கு மூடி போல ராக்கை மூடியே வைத்திருக்கும். செல்லின் ஓரத்தில் நீல ஒளி பட்டதுமே மூடி திறக்கும். செல் அந்தப் பக்கமாகவே நீளும், நகரும்! ஒளியை நிறுத்தினால், சற்று நேரத்தில் மறுபடியும் மூடிக்கொள்ளும். மருந்து எதுவும் ஊற்றவில்லை, வெறும் வெளிச்சம்தான். எவ்வளவு அழகான யோசனை, பாருங்கள்!

காயம் ஆறுவதும், புற்றுநோய் பரவுவதும் செல்கள் இடம் நகர்வதால்தான். அந்த நகர்வை எந்தச் சமிக்ஞை தொடங்கி வைக்கிறது என்பதை, செல்லின் எந்த மூலையிலும், நினைத்த நொடியில் சோதித்துப் பார்க்க இப்போது வழி கிடைத்திருக்கிறது.