தொழுகையும் ஒரு குற்றப் புள்ளியா?

சேலத்திற்கும் மதுவிலக்கிற்கும் நெடுநாளைய தொடர்பு உண்டு. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜியின் சென்னை மாகாண அரசு மதுவிலக்கை முதன்முதலாக நடைமுறைப்படுத்தியது சேலம் மாவட்டத்தில்தான். நாமக்கல்லும் அன்று அதனுள் அடங்கியிருந்தது. இன்று அதே சமவெளியில் அரசு நிறுவனமே மதுக்கடைகளை நடத்துகிறது.

லாரியிலும் ஆழ்துளைக் கிணறு வண்டியிலும் மாதக்கணக்கில் வெளியூர் செல்லும் பிள்ளைகளின் தாய்மார் உள்ளத்தில் ஒரு கலக்கம் உண்டு. "மகன் தவறான வழிக்குப் போய்விட்டானோ?" ஆனால் கேட்க நா எழுவதில்லை. முஸ்லிம் வீட்டில் குடியா என்று ஊர் பேசுமே என்ற அச்சம்!

நேரில் கேட்காமலே கண்டறிய வழியுண்டா? இக்கேள்விக்கு அமெரிக்க உளவியலாளர்கள் கண்ட விடை, ஆளுமைச் சோதனை. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1940களில் உருவான ஒரு சோதனையில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று விடையளிக்க வேண்டும். 1965இல் மெக்காண்ட்ரூ என்பவர், குடிநோயாளரின் விடைகளையும் குடிநோயற்ற பிற மனநோயாளரின் விடைகளையும் ஒப்பிட்டார். இரு சாராரும் வேறுபட்டு விடையளித்த 49 கூற்றுகளைத் தொகுத்து ஓர் அளவுகோல் அமைத்தார். மதுவை நேரடியாகக் குறிப்பிட்ட கூற்றுகளை வேண்டுமென்றே நீக்கினார்.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும். அக்கூற்றுகளுள் ஒன்று, வாரத்தில் பலமுறை பிரார்த்திப்பதைப் பற்றியது. 'ஆம்' என்போருக்குக் குடிநோயின் பக்கம் ஒரு புள்ளி! அந்த அமெரிக்க நோயாளரிடையே அவ்வேறுபாடு தென்பட்டிருக்கலாம். நாள்தோறும் ஐவேளை தொழுபவரிடம் அப்புள்ளிக்கு என்ன பொருள்? பைபிளைத் தழுவிய கூற்றுகளும் அதில் இருந்தன. 1989இல் சோதனையைத் திருத்தியபோது சமயம் சார்ந்த நான்கு கூற்றுகளை நீக்கி வேறு கூற்றுகளைச் சேர்த்தனர். ஒரு சமுதாயத்திற்குத் தைத்த சட்டை மற்றொன்றுக்குப் பொருந்தாது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

உலக சுகாதார நிறுவனம் வேறு வழியைக் கண்டது. ஆஸ்திரேலியா, பல்கேரியா, கென்யா, மெக்சிகோ, நார்வே, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஆய்ந்து, 1989இல் 'ஆடிட்' என்னும் பத்து வினாக்களை வெளியிட்டது. குணத்தை அது துருவவில்லை. எத்தனை முறை, எவ்வளவு, நிறுத்த முடியாமற் போனதுண்டா என்று நேராகவே வினவுகிறது. மொத்தம் 40 புள்ளிகள். 8 வந்தாலே கவனம் தேவை.

இதிலும் ஊரறிவு வேண்டும். அதன் ஓர் அளவு மது என்பது 10 கிராம் ஆல்கஹால். நம் பக்கத்து 180 மில்லி 'குவார்ட்டர்' பிராந்தியில் ஏறத்தாழ ஆறு அளவுகள் அடங்கும். "ஒன்றுதான்" என்பவர் பொய் சொல்லாமலே ஆறைக் குடித்திருப்பார்! கஞ்சாவும் மாத்திரையும் இவ்வினாக்களில் இல்லை. அவற்றையும் கேட்கும் 'அசிஸ்ட்' என்னும் பட்டியலைச் சோதித்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

எந்தத் தாளும் தீர்ப்பன்று; மருத்துவரிடம் செல்ல ஒரு வாசல் மட்டுமே. புள்ளிகளைப் பார்த்து மணமகனைத் தள்ளுவதும் ஓட்டுநரை வேலையிலிருந்து விலக்குவதும் அநீதியாகும். வீண் சந்தேகத்தையும் பிறர் குறைகளைத் துருவுவதையும் அல்-ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுத்திருக்கிறது. அதே வேளையில், "நம்மவர் குடிக்கமாட்டார்" என்று கண்ணை மூடிக்கொள்வதும் நோயை வளர்ப்பதேயாகும்.

ஆகவே தாய்மார்களே, தந்தையரே! மறைமுகச் சோதனை வேண்டாம். தனியே அமர்த்தி, அன்போடு, நேராகக் கேளுங்கள். மறுமொழி கசந்தாலும் பிள்ளையைக் கைவிடாதீர்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகுங்கள். 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியிலும் ஆலோசனை பெறலாம். மானத்தைக் காக்க மறைத்த நோய், பின்னர் மகனையே பறித்துவிடக் கூடாதல்லவா?