கொடிமலை நடையும் கொடை நடையும்

விடியுமுன் பெரட்டுக்குப் போய், வெட்டுக்காட்டில் மரத்துக்கு மரம் நடந்து, பால் வாளி சுமந்து திரும்பியவரிடம், "ஞாயிற்றுக்கிழமை மலையேறப் போகலாம், வாருங்கள்" என்றால் சிரிப்புத்தான் வரும். நடப்பது நமக்கு வேலை. அதைப் பொழுதுபோக்கு என்பது விந்தையாகத்தான் இருக்கும். ஆயினும் பினாங்குத் தீவில் ஆணும் பெண்ணுமாகப் பலர் விடுமுறைக் காலையில் கூடிக் கொடிமலை ஏறுகிறார்கள். அப்படிக் கூடி நடப்பதைக் கொண்டே பிறருக்கு உதவப் பணம் திரட்டவும் முடியும். அது எவ்வாறு என்று பார்ப்போம்.

கொடிமலையை மலாயில் புக்கிட் பெண்டேரா என்பர். உயரம் 833 மீட்டர். நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் அரைப் பாகைக்குச் சற்று அதிகமாகக் குறையும். ஆகவே, உச்சியில் ஏறக்குறைய 5 பாகை குளிர்ச்சி. இந்தக் குளிர்ச்சியை நாடித்தான் அக்காலத் துரைமார் அங்கே பங்களா கட்டினார்கள். குதிரையிலும், ஆட்கள் தோளில் சுமந்த நாற்காலியிலும் ஏறினார்கள். காற்று வாங்கியவர் துரை. வியர்வை சிந்தியவர் தொழிலாளி. 1923இல் மலை ரயில் ஓடத் தொடங்கிய பிறகே அந்தச் சுமை குறைந்தது.

நடந்து ஏற விரும்புவோர், 1884இல் அமைக்கப்பட்ட தாவரவியல் தோட்டத்தின் வாசலிலிருந்து ஜீப் பாதையில் செல்லலாம். உச்சிக்குச் சுமார் 5 கிலோமீட்டர். தூரம் குறைவு என்று எண்ண வேண்டாம். தார் போட்ட பாதைதான், ஆனால் முழங்காலைச் சோதிக்கும் செங்குத்து. அருகே வட்ட வடிவமான 'மூன் கேட்' வாசல் வழியாகக் காட்டுப் பாதையும் உண்டு. இறங்கும்போது ரயிலில் வரலாம்.

மேல்நாட்டு மலைநடைச் சங்கத்தார் பலர் கோடைக்காகக் காத்திருப்பார்கள். நமக்கோ ஆண்டு முழுவதும் கோடை. பார்க்க வேண்டியது மழையைத்தான். பினாங்கில் சனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை குறைவு. 2017 நவம்பரில் பெய்த பெருமழையில் கொடிமலையில் பல இடங்களில் மண் சரிந்தது. எனவே பாதை திறந்திருக்கிறதா என்று விசாரிக்காமல் புறப்படக் கூடாது.

நடந்து அறம் செய்வது நமக்குப் புதிதா? தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு நடக்கும் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். முருகன் சந்நிதிக்கு 513 படிகள். அதற்கு முன்பே வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள்! ஒருவர் நடக்கிறார், மற்றவர் கொடுக்கிறார். நிதி திரட்டும் நடைக்கும் இதுவே அடிப்படை.

கனடா நாட்டு இளைஞர் டெரி ஃபாக்ஸ் புற்றுநோயால் 1977இல் வலது காலை இழந்தார். 1980 ஏப்ரலில் செயற்கைக் காலுடன் நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். நாட்டு மக்கள் ஒவ்வொருவரிடமும் அவர் கேட்டது ஒரே ஒரு டாலர். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தபோது நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது, நின்றுவிட்டார். 1981இல் இறந்தார். ஆனால் அதற்கு முன்பே 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் புற்றுநோய் ஆராய்ச்சிக்குச் சேர்ந்துவிட்டது. பினாங்கிலும் அவர் பெயரால் ஓட்டம் நடந்ததுண்டு.

அவ்வளவு தூரம் போவானேன்? 1960இல் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று ஆளுக்குப் பத்து வெள்ளி கேட்டல்லவா தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை வளர்த்தார்!

நம் லயத்தில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறார் என்று வையுங்கள். வண்டிச் செலவே குடும்பத்தை முறித்துவிடும். இருபது பேர் நடக்க முன்வருகிறார்கள். ஒவ்வொருவரும் பத்துப் பேரிடம், "நான் நடக்கும் கிலோமீட்டருக்கு 50 காசு தருவீர்களா?" என்று கேட்டு அட்டையில் எழுதிக்கொள்கிறார். ஐந்து கிலோமீட்டர் நடந்தால் ஒருவருக்கு 25 வெள்ளி. இருபது பேருக்கு 500 வெள்ளி. பிள்ளைகளே, கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

வீடு வீடாகவோ தெருவிலோ பணம் திரட்ட 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் அனுமதி வேண்டும். முதலில் அதைப் பெற வேண்டும்.

மலைக்குப் போகும் நாளில் பெரட்டு எடுப்பதுபோல் தலைகளை எண்ணுங்கள். இறங்கியதும் மறுபடி எண்ணுங்கள். மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள், கூட்டம் சிதறாது. பாதை அறிந்த ஒருவர் கடைசியில் வரட்டும். காலை 7 மணிக்கு ஏறத் தொடங்கினால் பிற்பகல் இடிமழைக்கு முன் இறங்கிவிடலாம். குடிநீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது வேண்டும். அட்டைப்பூச்சிக்கு என்ன செய்வது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை! ஆபத்து நேர்ந்தால் அழைக்க வேண்டிய எண் 999.

வசூலான தொகையை அன்று மாலையே, நடந்தவர்கள் முன்னிலையில், பெயர் வாரியாக வாசித்து எழுத வேண்டும். கொடுத்தவருக்கு ரசீது, கணக்கேட்டில் இருவர் கையொப்பம். இந்த வேலையை, தோட்டத்தில் நன்றாகக் கணக்குத் தெரிந்த ஒரு தாயிடம் ஒப்படையுங்கள்.